சைக்கிள் பாதையில் கைவைக்காதீர்கள்

ரொறன்ரோவில் புளோர், யங், யூனிவர்சிட்டி ஆகிய மூன்று வீதிகளிலும் உள்ள சைக்கிள் பாதைகளை எடுத்துவிட ஒன்ராறியோ அரசு சட்டம் கொண்டுவந்த நாளிலிருந்து, எங்கள் சனம் கூடுகிற இடமெல்லாம் இந்தப் பேச்சுத்தான். "நல்ல வேலைதானே, கார் ஓட்டுறவனுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும்" என்பார்கள். நானும் நகரின் கிழக்குப் பக்கமான ஸ்காபரோவிலிருந்து கார் ஓட்டி வேலைக்குப் போகிறவள்தான். நெரிசலில் நின்று எரிச்சல்படுவது எனக்கும் பழகிப்போன விஷயம். ஆனாலும் அந்தப் பாதைகளை எடுக்கவே கூடாது என்பது என் கருத்து. அதற்காகத் தெருவில் இறங்கியவர்களும் நீதிமன்றத்துக்குப் போனவர்களும் செய்தது முழுக்கச் சரி.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2024 நவம்பரில் ஒன்ராறியோ முதல்வர் டக் ஃபோர்டின் அரசு 212ஆம் இலக்கச் சட்டமூலத்தை நிறைவேற்றியது. அந்த மூன்று பாதைகளையும் எடுக்கும் அதிகாரம் அதில் இருந்தது. இனிமேல் எந்த நகரசபையாவது கார்த் தடம் ஒன்றைக் குறைத்துச் சைக்கிள் பாதை போட விரும்பினால் மாகாணத்திடம் அனுமதி கேட்க வேண்டும் என்றும் இருந்தது. எடுப்பதற்குக் குறைந்தது 48 மில்லியன் டொலர் ஆகும் என்று நகர அதிகாரிகள் கணக்குக் கொடுத்தார்கள். போட்டபோது ஆன செலவு 27 மில்லியன்தான்.

பணத்தைக்கூட விடுங்கள். சட்டமூலம் விவாதத்தில் இருந்தபோது அரசே ஒரு திருத்தத்தைச் சேர்த்தது. பாதையை எடுத்ததால் சைக்கிளில் போகிற ஒருவர் காயப்பட்டாலோ இறந்துபோனாலோ மாகாண அரசின்மீது வழக்குப் போட முடியாது. இதை வாசித்த அன்று எனக்கு மனமே சரியில்லை. யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று உண்மையிலேயே நம்பும் ஓர் அரசுக்கு இந்த வரி தேவைப்பட்டிருக்காது. ஆட்கள் அடிபடுவார்கள் என்று தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே, அப்படி நடந்தால் எங்களைக் கேட்கக் கூடாது என்று முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறார்கள்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2024இல் ரொறன்ரோவில் ஆறு சைக்கிளோட்டிகள் விபத்தில் இறந்தார்கள். அதில் ஒருவர் இளம்பெண். அந்த ஜூலையில் புளோர் வீதியில், அவெனியூ ரோட்டுக்கு அருகே போய்க்கொண்டிருந்தார். அங்கே சைக்கிள் பாதை இருக்கிறது. ஆனால் கட்டட வேலைக்கான பெரிய குப்பைத்தொட்டி ஒன்று அந்தப் பாதையை அடைத்து வைக்கப்பட்டிருந்தது. அதைச் சுற்றிப் போக அவர் கார்த் தடத்துக்குள் இறங்க வேண்டி வந்தது. பின்னால் வந்த லொறி அடித்துவிட்டது. சில மீட்டர் தூரத்துக்குப் பாதை இல்லாமல் போனதன் விலை ஓர் உயிர். அதே வீதியில் கிலோமீட்டர் கணக்கில் எடுத்துவிடுவோம் என்கிறார்கள்.

சரி, எடுத்தால் நெரிசலாவது குறையுமா? அதுவும் இல்லை. சைக்கிள் ரொறன்ரோ அமைப்பு தொடுத்த வழக்கில் அரசின் உள் ஆவணங்களே வெளியே வந்தன. பாதையை எடுப்பதால் நெரிசல் குறையும் என்பதற்கு ஆதாரம் இல்லை, நிலைமை இன்னும் மோசமாகலாம் என்று அரசுக்கே ஆலோசனை போயிருக்கிறது. 2025 ஏப்ரலில் நீதிபதி போல் ஷாபஸ் இடைக்காலத் தடை விதித்தார். ஜூலை 30ஆம் திகதி தீர்ப்பு வந்தது. இந்தப் பாதைகளை எடுப்பது கனடாவின் உரிமைகள் சாசனத்தின் 7ஆம் பிரிவு காக்கும் உயிருக்கும் உடற்பாதுகாப்புக்குமான உரிமையை மீறுகிறது என்றார்.

இந்தத் தீர்ப்பைப் பலர் தவறாகப் பரப்புகிறார்கள். சைக்கிள் பாதை கேட்பது அடிப்படை உரிமை என்று நீதிபதி சொல்லவில்லை. இருக்கிற பாதுகாப்பை, ஆபத்துக் கூடும் என்று தெரிந்தும், சொன்ன நோக்கமே நிறைவேறாது என்று தெரிந்தும் அரசு பறிக்க முடியாது என்பதுதான் அவர் சொன்னது. அரசு மேல்முறையீட்டுக்குப் போனது. அந்தச் செலவும் எங்கள் வரிப்பணத்தில்தான்.

இந்த ஊருக்கு இது புதிதும் இல்லை. டக் ஃபோர்டின் தம்பி ரொப் ஃபோர்ட் மேயராக இருந்தபோது ஜார்விஸ் வீதியில் இதேதான் நடந்தது. 2010இல் போட்ட பாதை. அதன் பிறகு அந்த வீதியில் சைக்கிளில் போகிறவர்கள் ஏறக்குறைய மூன்று மடங்காகியிருந்தார்கள். இருந்தும் 2012 நவம்பரில் கோடுகளைச் சுரண்டி அழிக்க வாகனம் வந்தது. அதன் முன்னால் ஆட்கள் வீதியில் படுத்து மறித்தார்கள். தடுக்க முடியவில்லை, பாதை போய்விட்டது. அன்று அவர்களைப் பைத்தியக்காரர்கள் என்று சிரித்தவர்கள் நிறையப் பேர். இன்றைக்கு நீதிமன்றம் வரை நின்று போராடுகிற துணிவுக்கு அவர்களும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன்.

"1.2 வீதம் பேர்தான் சைக்கிளில் வேலைக்குப் போகிறார்கள், அவர்களுக்காக ஒரு தடமா?" என்பது அரசு திரும்பத் திரும்பச் சொன்ன வாதம். வேலைக்குப் போகிறவர்களை மட்டும் எண்ணினால் அப்படித்தான் வரும். படிக்கப் போகிற மாணவர், கடைக்குப் போகிறவர், பிள்ளையை முன்பெட்டியில் இருத்திப் பள்ளிக்கு ஓட்டிப் போகிற தாய், இவர்கள் யாரும் அந்தக் கணக்கில் இல்லை. ஒரு நாள் பின்னேரம் ஆறு மணிக்குப் புளோரில் நின்று பாருங்கள். முதுகில் பெரிய சதுரப் பையோடு சாப்பாடு கொண்டு ஓடுகிற பெடியன்களே வரிசையாகப் போவார்கள். பாதி பேர் படிக்க வந்த பிள்ளைகள். கைபேசித் திரையில் அடுத்த முகவரி, இடப்பக்கம் லொறி, வலப்பக்கம் எந்த நேரமும் கதவு திறக்கக்கூடிய கார்கள். நடுவில் ஒரு கொங்கிறீற் தடுப்பு இருந்தால் அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சேருவான் என்று கொஞ்சம் நம்பலாம். எங்கள் வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுவருகிறவனும் அவன்தானே. யூனிவர்சிட்டியில் வரிசையாக ஆஸ்பத்திரிகள். இரவுக் கடமை முடித்து விடியற்காலையில் சைக்கிளில் வீடு திரும்புகிற தாதிமார் இருக்கிறார்கள்.

குளிர்காலத்தில் யார் ஓடுகிறார்கள் என்று கேட்பவர்களுக்கு ஒன்று மட்டும். நகரத்தின் வாடகைச் சைக்கிள் சேவையான பைக் ஷெயர் வருஷம் முழுக்க இயங்குகிறது. பனியை வழித்துவிட்டால் ஆட்கள் ஓடுகிறார்கள். அவ்வளவுதான்.

அப்புறம், டவுன்டவுன் பிரச்சினை எங்களுக்கு எதற்கு என்று நினைக்கிற ஸ்காபரோக்காரர்களே, நீங்கள் கவனிக்க வேண்டிய இடம் வேறு. நீதிமன்றம் தீர்ப்பளித்தது அந்த மூன்று வீதிகளைப் பற்றி. புதிய பாதைக்கு மாகாண அனுமதி வேண்டும் என்ற விதியை அந்தத் தீர்ப்பு தொடவில்லை. எங்கள் பக்கத்து அகலமான வீதிகளில் கார்கள் பறக்கிற வேகத்துக்குப் பயந்து, வயதான ஐயாமார்கூட நடைபாதையில்தான் சைக்கிள் ஓட்டுகிறார்கள். அங்கே ஒரு தடத்தைக் குறைத்துப் பாதை போடலாமா என்பதை நகரசபையும் அங்கே வசிக்கிறவர்களும் பேசி முடிவெடுக்க வேண்டும். ஆனால் 2025 நவம்பரில் மாகாணம் நிறைவேற்றிய இன்னொரு சட்டம், கார்த் தடத்தைக் குறைத்துச் சைக்கிள் பாதை போடுவதையே தடுத்தது. உங்கள் தொகுதி மாகாணசபை உறுப்பினர் கோயில் திருவிழாவுக்கும் பொங்கல் விழாவுக்கும் தவறாமல் வருவார். அடுத்த முறை சேர்ந்து படம் எடுக்கிறபோது, இந்தத் தடையை எடுக்க நீங்கள் வாக்களிப்பீர்களா என்று நேராகக் கேளுங்கள்.