"ஆஸ்பத்திரியில ஊழியம் பண்ணுறியா?"

போன வாரம் வாலிபர் கூட்டம் முடிந்து டீ குடித்துக்கொண்டிருக்கும்போது சபையில் ஒரு அண்ணன் கேட்டார்: "ஆஸ்பத்திரியிலதானே இருக்க, இதுவரைக்கும் எத்தனை பேருக்கு ஆண்டவரைப் பத்திச் சொல்லியிருக்க?" அஞ்சு வருஷமாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன், ஒரு எண்ணும் வாயில் வரவில்லை. சிரித்து மழுப்பிவிட்டு வந்தேன். அதிலிருந்து மனசு ஆறவே இல்லை, அதனால் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. நம்ம கன்னியாகுமரி ஜில்லாவில் ஆஸ்பத்திரியையும் ஆலயத்தையும் பிரித்துப் பார்த்தே பழக்கமில்லை. 1838-லேயே நெய்யூரில் எல்எம்எஸ் (லண்டன் மிஷனரி சொசைட்டி) டாக்டர் ஒருவர் வைத்தியம் ஆரம்பித்துவிட்டார். 1922-இல் எவரெஸ்ட் ஏறப் போன இங்கிலாந்து டாக்டர் சோமர்வெல், திரும்பும் வழியில் நெய்யூருக்கு வந்து கூட்டத்தோடு மல்லாடிக்கொண்டிருந்த ஆஸ்பத்திரியைப் பார்த்துவிட்டு, லண்டனில் கிடைக்கவிருந்த வேலையை வேண்டாமென்று சொல்லி இங்கேயே வந்து சேர்ந்தார். சண்டே ஸ்கூலில் இருந்து இந்தக் கதையைக் கேட்டுத்தான் வளர்ந்தேன். நான் நர்சிங் படிக்கப் போனதற்கு அதுவும் ஒரு காரணம் (பெரிய காரணம், முடித்தால் கல்ஃபுக்குப் போகலாம் என்று அப்பா போட்ட கணக்கு). ஆனால் அந்தக் கதையில் மலை வரும், தியாகம் வரும், ராத்திரி மூணு மணிக்கு பெட்பான் எடுத்தது யார் என்பது மட்டும் வராது.

சில மாதங்களுக்கு முன்னால் எங்கள் வார்டில் ஒரு தாத்தா இருந்தார். வழுக்கி விழுந்து தலையில் ரத்தம் கட்டி ஆபரேஷன் ஆனவர். மண்டைக்காட்டுப் பக்கம். அவர் மனைவி தலையணைக்கு அடியில் பகவதி கோவில் குங்குமத்தை ஒரு பொட்டலமாக வைத்திருந்தார். பெட்ஷீட் மாற்றும்போதெல்லாம் நான் அதை எடுத்து ஓரமாக வைத்து, மாற்றி முடித்ததும் அதே இடத்தில் திரும்ப வைப்பேன். ஒரு நாள் சாயங்காலம் ஜெபக் குழு ஒன்று வார்டுக்கு வந்தது. அதில் ஒரு அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சிஸ்டர், நீங்க விசுவாசிதானே, அந்தப் பொட்டலத்தை எடுத்துக் களஞ்சிட்டு இதை வைங்க" என்று ஒரு கைப்பிரதியைக் கொடுத்தார். மாட்டேன் என்று சொன்னேன். அவர் முகம் கறுத்துப் போனது.

2011 சென்சஸ்படி நம்ம ஜில்லாவில் கிறிஸ்தவர்கள் கிட்டத்தட்ட 47 சதவீதம், இந்துக்கள் 49 சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழே. 1982-இல் மண்டைக்காட்டில் நடந்த இந்து-கிறிஸ்தவக் கலவரத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். ஆனால் நான் மறுத்தது அந்தப் பயத்தால் இல்லை. பஸ்ஸில் யாராவது கைப்பிரதி கொடுத்தால், பிடிக்காதவர் அடுத்த ஸ்டாப்பில் இறங்கிப் போகலாம். ஒரு கையில் டிரிப், கீழே யூரின் பை, தலையில் கட்டு, இந்த மனுஷன் எங்கே இறங்குவார்? அவருக்குத் தண்ணீர் கொடுப்பதும் துடைத்துவிடுவதும் நான். நான் எதைச் சொன்னாலும் தலையாட்டத்தான் செய்வார். அந்தத் தலையாட்டலை நான் விசுவாசம் என்று கணக்கில் எழுதினால் அது களவு. ஜெபிக்கச் சொல்லி அவர்களே கேட்டால் ஜெபிப்பேன், எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார்கள், இந்து வீட்டு அம்மாக்களும் கேட்டிருக்கிறார்கள். கேட்காத இடத்தில் வாய் திறப்பதில்லை.

சரி, அப்படியென்றால் என் விசுவாசத்துக்கு வார்டில் என்னதான் வேலை? அதை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு கேவலமான ராத்திரி.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம். நைட் டூட்டி, நாங்கள் இரண்டே பேர், வார்டு நிறைய ஆள். நாலு மணிக்கு எல்லாருக்கும் டிபிஆர் (காய்ச்சல், நாடி, மூச்சு) பார்த்து சார்ட்டில் ஏற்ற வேண்டும். நான் பார்க்கவில்லை. பத்து மணிக்கு எழுதியிருந்த எண்ணைப் பார்த்து, அங்கே இங்கே ஒன்றிரண்டைக் கூட்டிக் குறைத்து எழுதிவிட்டேன். ஆறு மணிக்கு ஒரு அக்கா நடுங்கிக்கொண்டு கிடக்கிறார், காய்ச்சல் 103. சார்ட்டில் என் கையெழுத்தில் 98.6. டாக்டர் வந்து மருந்து மாற்றினார், அந்த அக்கா நல்லபடியாக வீட்டுக்கும் போனார், ஆனால் எத்தனை மணிக்குக் காய்ச்சல் ஏறியது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. டூட்டி மாறி ஓவர் கொடுக்கும்போது இன்சார்ஜ் சிஸ்டரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டியது பெரிதில்லை. அதே ராத்திரி பன்னிரண்டரை மணிக்கு நான் டேபிளில் உட்கார்ந்து பைபிள் வாசித்திருந்தேன், அதுதான் குத்தியது. எனக்குச் சங்கீதம் வாசிக்க நேரம் இருந்தது, தெர்மாமீட்டர் வைக்க நேரம் இல்லை.

அன்றிலிருந்து எண்ணாமல் எழுதுவதில்லை. மூச்சை ஒரு நிமிஷம் முழுசாக எண்ண வேண்டும் என்று எல்லா நர்சிங் காலேஜிலும் சொல்லித்தான் கொடுக்கிறார்கள், ஆனால் அவசரத்தில் பாதிப் பேர் நெஞ்சைக்கூடப் பார்க்காமல் 20 என்று போட்டுவிட்டுப் போவோம். நான் நின்று எண்ணுகிறேன். எண்ணிக்கொண்டே அவருக்காக ஜெபிக்கலாமே என்று முயற்சி பண்ணியும் பார்த்தேன், எண்ணிக்கை தப்புகிறது, முதலில் எண்ணு என்று விட்டுவிட்டேன். யாரும் பார்க்காத நாலு மணிக்கு சார்ட்டில் ஏறும் எண் உண்மையா பொய்யா, என் சாட்சி என்று நான் நம்புவது அதைத்தான். இதைப் பற்றி எந்தக் கன்வென்ஷனிலும் யாரும் என்னிடம் கேட்டதில்லை.

இன்னொன்று. நல்ல சமாரியன் கதையில் அந்த சத்திரக்காரனை யாராவது கவனித்திருக்கிறீர்களா? கள்ளர் கையில் அடிபட்டு வழியில் கிடந்தவனுக்குச் சமாரியன் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்து, கட்டுப் போட்டு, சத்திரத்தில் சேர்த்து, மறுநாள் இரண்டு பணம் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறான். அதற்கப்புறம் அந்த ஆளுக்குக் கஞ்சி ஊற்றி, புண்ணைக் கழுவிக் காவல் இருந்தது சத்திரக்காரன். அவன்தான் நர்ஸ். அவனுக்குக் கூலி கொடுத்தார்கள், மேலே செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்ற வாக்கும் கொடுத்தார்கள், அதையும் கவனியுங்கள். ஏனென்றால் ஓவர்டைம் கேட்டபோது எங்களுக்குக் கிடைத்த பதில், "ஊழியமா நினைச்சுச் செய்யுங்க சிஸ்டர்" என்பது. ஊழியம் என்ற வார்த்தையை வைத்தே சம்பளத்தைப் பிடிப்பது எந்த உபதேசத்தில் இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

அம்மாவுக்கு என் ஞாயிறு டூட்டிதான் பெரிய குறை. இந்த ஈஸ்டருக்கும் விடியற்கால ஆராதனைக்கு நான் இல்லை. "ஆண்டவருக்கு ஒரு நாள் ஒதுக்க முடியாதா பிள்ளே" என்று போனில் கேட்டாள். அன்றைக்கு அந்த நேரத்தில் நான் ஒரு பாட்டிக்கு முதுகுப் புண்ணைக் கழுவிக்கொண்டிருந்தேன். அம்மாவிடம் வாதம் பண்ணவில்லை. பாட்டுப் பாட முடியாமல் போனதில் எனக்கும் வருத்தம்தான், அதை மறைப்பானேன்.

மண்டைக்காட்டுத் தாத்தா பிழைத்துக்கொண்டார். போன மாதம் ரிவ்யூவுக்கு நடந்தே வந்தார். அவர் மனைவி என்னைத் தேடி மேலே ஏறி வந்து, வாழையிலையில் பொதிந்த ஒன்றை நீட்டினார். தலை சுகமாக வேண்டி பகவதி அம்மனுக்கு நேர்ந்திருந்த மண்டையப்பம். கொடுத்துவிட்டு ஒரு நிமிஷம் தயங்கினார். "மக்களே, இது அம்மைக்குப் படைச்சது. நீ வேதக்காரப் பிள்ளையில்லா, தின்னுவியா?"

வாங்கிக்கொண்டேன். ஸ்டாஃப் ரூமில் நாங்கள் நாலு பேரும் பிய்த்துத் தின்றோம் என்று எழுத ஆசைதான். மூணு பேர் தின்றோம். ஒருத்தி, "படைச்சதாக்கும்" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். அவள் பங்கையும் நானே தின்றேன், நல்ல வெல்லம்.