அடிப்பக்கத்தைக் காட்ட ஏன் இத்தனை தயக்கம்?

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறச் சிறுநகரில் வாழும் எங்களுக்குப் பழைய ஹாட் வீல்ஸ் பொம்மைக் கார் வேண்டுமென்றால் இணையத்தைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. அங்கேயோ, காரின் அடிப்பக்கத்தைப் படமெடுத்து அனுப்புங்கள் என்று விற்பவரிடம் கேட்டாலே புலனத்தில் (வாட்ஸ்அப்) பதில் நின்றுவிடுகிறது.

அடித்தகட்டில் 1969 என்று பொறித்திருப்பதைக் காட்டி, அரைநூற்றாண்டுப் பழையதென்று விலையை ஏற்றுகிறார்கள். அது அந்த வடிவத்தின் காப்புரிமை ஆண்டே தவிர, கார் தயாரான ஆண்டு அன்று. அதே தகட்டில் 'மலேசியா' என்றும் இருந்தால், 1968இல் தொடங்கிய முதற்காலக் கார்களில் அது சேரவே சேராது; அவை அமெரிக்காவிலும் ஹாங்காங்கிலும் தயாரானவை.

அதைவிட எரிச்சலூட்டுவது, சாதாரணக் காரின் அடித்தகட்டைப் பிணைக்கும் ரிவெட் ஆணியைத் துளையிட்டுத் திறந்து, ரப்பர் சக்கரம் மாட்டி, அரிய பதிப்பென்று விற்பதுதான். ஆணித்தலையில் வட்டக் கீறலும் ஓரத்தில் காய்ந்த பசையின் மினுமினுப்பும் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால், மங்கலான ஒற்றைப் படத்தில் அவை எப்படித் தெரியும்?

பணத்தை வேறொருவர் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் போடச் சொல்வது இன்னொரு கொடுமை. மோசடிப் புகார் வந்த கணக்கா என்று பார்க்க உதவும் காவல்துறையின் 'செமாக் மியூல்' தளத்தில் கணக்கு எண்ணைச் சோதித்துவிட்டு அனுப்புகிறேன் என்றால் கோபித்துக்கொள்கிறார்கள். நேர்மையாக விற்பவருக்கு அதில் என்ன வருத்தம்?