சிப்ரோ மாதிரி ஆன்டிபயாட்டிக்க நாம அளந்து சாப்பிடணும், ஆத்துல விடுறதுக்கு மட்டும் அளவே கிடையாதா?

ஆன்டிபயாட்டிக்க கண்டபடி வாங்கி முழுங்காதீங்க, டாக்டர் அஞ்சு நாள்னு எழுதினா அஞ்சு நாளும் சாப்பிடுங்க, இல்லன்னா கிருமிக்கு மருந்து பழகிடும்னு நமக்கு சொல்லாத ஆள் இல்ல. நியாயமான பேச்சுதான், நானும் வீட்ல எல்லார்கிட்டயும் சொல்றேன். ஆனா அதே மருந்த தயாரிக்கிற பேக்டரி கழிவுநீர்ல எவ்ளோ மருந்து வெளிய போகலாம்னு மத்திய அரசு விதியில ஒரு லிமிட் போடல. எனக்கு ஆத்திரம் வர்றது இங்கதான்.

ஹைதராபாத்ல குடியிருக்கறதால மூசி ஆத்த வச்சே சொல்றேன். ஊருக்கு மேற்கால பட்டான்செரு பக்கம் பல்க் டிரக் கம்பெனிங்க, அதாவது மாத்திரைக்கான மூலப்பொருள் தயாரிக்கிற கம்பெனிங்க நெறைய இருக்கு. சுமார் 90 கம்பெனியோட கழிவு ஒரே பொது சுத்திகரிப்பு நிலையத்துக்குத்தான் வந்துட்டு இருந்துச்சு. அங்க சுத்திகரிச்சு வெளிய விட்ட தண்ணிய, கவனிங்க, சுத்திகரிச்ச தண்ணிய, ஸ்வீடன் ஆராய்ச்சியாளர்கள் டெஸ்ட் பண்ணி 2007ல ரிசல்ட் போட்டாங்க. சிப்ரோஃப்ளாக்ஸசின், அதாவது நாம சிப்ரோன்னு சொல்ற ஆன்டிபயாட்டிக், லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரைக்கும் இருந்துச்சு. கணக்கு போட்டா ஒரு 16 லிட்டர் பக்கெட் தண்ணில ஒரு முழு 500 மில்லிகிராம் சிப்ரோ மாத்திரை. அந்த மாத்திரைய சாப்பிட்ட ஆளோட ரத்தத்துல கூட அவ்ளோ இருக்காது. ஒரு நாளைக்கு சுமார் 45 கிலோ போகுதுன்னு கணக்கிட்டாங்க, அது 90,000 மாத்திரை, அப்போ 90 லட்சம் ஜனம் இருந்த ஸ்வீடன் நாடே அஞ்சு நாளைக்கு சாப்பிடுற அளவு.

இதுல பயங்கரமான விஷயம் என்னன்னா, சுத்திகரிப்பு நிலையத்துல அழுக்க தின்னு தண்ணிய சரி பண்றதே பாக்டீரியாதான், அந்த வேலை ஒழுங்கா நடக்கணும்னு வீட்டு சாக்கடையையும் அங்க கூட சேர்த்து விட்டாங்க. மனுஷன் குடல்ல இருந்து வந்த கிருமியும் ஆன்டிபயாட்டிக்கும் ராத்திரி பகலா ஒரே தொட்டியில. செத்தது போக மிஞ்சினது பூரா மருந்துக்கு அசையாத கிருமி, அது சும்மாவும் இருக்காது, மருந்த தாங்குறதுக்கு தன்கிட்ட இருக்கிற ஜீன பக்கத்துல இருக்கிற வேற கிருமிக்கும் குடுத்துடும். அப்புறம் அந்த நிலையத்து தண்ணிய 18 கிலோமீட்டர் பைப் போட்டு ஊருக்குள்ள அம்பர்பேட் சாக்கடை சுத்திகரிப்பு நிலையத்துக்கு கொண்டு வந்தாங்க. அங்கருந்து மூசி, மூசியிலருந்து கிருஷ்ணா.

பீர்ஜாதிகூடா பக்கம் ஆத்தோரமா போய்ப் பாருங்க. கருப்பு தண்ணில, மேல வெள்ளையா நுரை மிதக்கும், மாட்டுக்கு போடுற புல்லு ஆள் இடுப்பு ஒசரத்துக்கு செழிப்பா நிக்கும். முழங்கால் தண்ணில வெறுங்கால்ல எறங்கி அறுவாளால அறுத்து, கட்டு கட்டி தலையில தூக்கிட்டு கரை ஏறுறாங்க. எருமைக்கு போற புல்லு அது, அந்தப் பால் ஊருக்குள்ளதான் வருது. அந்த ஜனங்களுக்கு கால்ல ஒரு புண்ணு வந்தா எந்த மாத்திரை கேக்கும்?

நாம சாப்பிடுற மருந்தும் மூத்திரத்துல போய் ஆத்துலதானே சேருதுன்னு சிலர் கேப்பாங்க. சேருதுதான். 2022ல 104 நாட்டுல 258 ஆறுகள பாத்த ஆய்வுல சுகர் மாத்திரை மெட்ஃபார்மின், வலிப்பு மாத்திரை எல்லாம் உலகம் பூரா கெடைச்சுது, லாகூர் ரொம்ப மோசம். நம்ம காவிரியிலயும் சென்னை ஐஐடி ஆய்வுல மருந்து எச்சம் இருக்குன்னு தெரிஞ்சுது. ஆனா ஊர் பூரா பரவிக் கெடக்கிற லட்சக்கணக்கான கக்கூஸ் ஒண்ணு, ஒரே பைப் வாயிலருந்து ஒரு நாளைக்கு கொட்டின 45 கிலோ ஒண்ணு. பைப் வாய அளக்கறதும் அடைக்கறதும் சுலபம்.

2020 ஜனவரில மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு வரைவு விதி கொண்டு வந்துச்சு, 121 ஆன்டிபயாட்டிக்குக்கு கழிவுநீர்ல இவ்ளோதான் இருக்கணும்னு லிமிட் போட்டு. உலகத்துலயே முன்னோடியா இருந்திருக்க வேண்டியது. 2021 ஆகஸ்ட்ல இறுதி விதி வந்தப்ப அந்தப் பட்டியலையே தூக்கிட்டாங்க. தண்ணியோட அமிலத்தன்மைய காட்டுற பிஎச், அழுக்கு எவ்ளோன்னு காட்டுற பிஓடி, சிஓடி எல்லாம் அளப்பாங்க, மருந்து எவ்ளோன்னு மட்டும் அளக்க மாட்டாங்க. நாங்க இப்ப ஒரு சொட்டு கூட வெளிய விடறதில்லன்னு கம்பெனிங்க சொல்றாங்க. ரொம்ப சந்தோஷம், அப்ப லிமிட் வச்சு டெஸ்ட் பண்றதுல அவங்களுக்கு என்ன நஷ்டம்? மாத்திரை வெல ஏறிடும்னு சொன்னா, ஐசியூல கடைசி ஊசியும் கேக்காம படுத்திருக்கிறவங்க வீட்டு பில்ல யார் கட்டறது? 2019ல மட்டும் மருந்துக்கு கட்டுப்படாத கிருமியால நேரடியா செத்தது உலகத்துல சுமார் 12.7 லட்சம் பேர்.

டெல்லிக்காக காத்திருக்கணும்னு இல்ல. 1994ல ஆரம்பிச்ச தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு ஆஸ்பத்திரிக்கெல்லாம் டெண்டர் போட்டு மொத்தமா மருந்து வாங்குது, மத்த மாநிலங்க பாத்து கத்துக்கிட்ட ஏற்பாடு அது. ஆன்டிபயாட்டிக் சப்ளை பண்றவங்க மூலப்பொருள் எந்த பேக்டரில வாங்கறாங்க, அந்த பேக்டரி கழிவுல மருந்து எவ்ளோ இருக்குன்னு லேப் ரிப்போர்ட் குடுக்கணும்னு அடுத்த டெண்டர்ல ஒரு நிபந்தனை சேர்க்கட்டும். நார்வேல ஆஸ்பத்திரிக்கு ஆன்டிபயாட்டிக் வாங்கும்போது வெலையோட சேர்த்து இதையும் பாக்கறாங்க. உங்க தொகுதி எம்எல்ஏகிட்ட இத கேளுங்க, மனுவா எழுதி சுகாதாரத் துறைக்கும் அனுப்புங்க. நானும் அனுப்பறேன்.