கதவை மெதுவாகச் சாத்தினால் குறைந்தா போய்விடும்?

நுண்ணிய வைர முனையால் குத்திக் கடினத்தன்மையை அளக்கும் கருவியான நானோ இன்டென்டரில் இரண்டு மணி நேர ஸ்லாட்டுக்காக மூன்று வாரம் தவம் கிடந்தேன். என் சாம்பிள், எஃகின் மேல் அரை மைக்ரான் டைட்டானியம் நைட்ரைடு பூச்சு. அடியில் இருக்கும் எஃகு குறுக்கே வராமல் பூச்சின் கடினத்தன்மை மட்டும் வேண்டுமென்றால், தடிமனில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குத்தக் கூடாது. அதாவது 50 நானோமீட்டர்.

அந்த நேரம் பார்த்து ஒரு மகராசன் வந்து கதவைப் படாரென்று அறைகிறார். விசையையும் ஆழத்தையும் காட்டும் வளைகோட்டில் ஒரு துள்ளல். அந்தக் குத்து போச்சு!

இன்னொருவருக்குக் குளிர்கிறதாம், ஏசியை அணைத்துவிட்டார். ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளுங்கள் ஐயா! அறையின் சூடு மாறினால் கருவியும் சாம்பிளும் விரியும். நொடிக்கு அரை நானோமீட்டர் நகர்ந்தாலே முப்பது நொடிச் சோதனையில் 15 நானோமீட்டர். ஐம்பதில் பதினைந்து! மென்பொருள் திருத்திக்கொள்ளுமாம். ஒரே சீராக நகர்ந்தால் திருத்தும். போட்டு அணைத்து விளையாடினால் அது எதைத் திருத்தும்?

இதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். மழுங்கிய முனையை அப்படியே விட்டுவிட்டுப் போகிறார்களே, அதற்குத்தான் வயிறு எரிகிறது. பெர்கோவிச் முனை மூன்று முகமுள்ள வைரப் பிரமிடு. வைரம்தானே, தேயாது என்று நினைப்பு. தேயும். நுனி உருண்டுபோனால் அதே ஆழத்துக்கு இறங்க அதிக விசை வேண்டும். விசையைப் பரப்பால் வகுக்கும் கணக்கோ பழைய கூர்முனையின் பரப்பை வைத்துத்தான் நடக்கும். எதைக் குத்தினாலும் இரும்புக் கடலைதான்.

என் பூச்சின் கடினத்தன்மை 34 கிகாபாஸ்கல் என்று காட்டியதும் துள்ளிக் குதித்து, கைடுக்கு வாட்ஸாப்பில் அனுப்பியும் விட்டேன். அப்புறம்தான் சந்தேகம் வந்து, கருவியைச் சரிபார்க்க வைத்திருக்கும் கண்ணாடியான ஃப்யூஸ்டு சிலிக்காவைக் குத்திப் பார்த்தேன். 72 கிகாபாஸ்கல் வர வேண்டிய மாடுலஸ் (விறைப்பின் அளவு) 85! பதிவேட்டைப் புரட்டினால், கடைசியாகச் சரிபார்த்து ஏழு மாதம் ஆகிறது.

"டிப் நல்லாத்தான் இருக்கு தம்பி, நேத்துகூட ஒருத்தர் டேட்டா எடுத்துட்டுப் போனாரு" என்கிறார் டெக்னீஷியன் அண்ணன். அந்தப் புண்ணியவான் எந்த ஜர்னலுக்கு அனுப்பியிருக்கிறாரோ! இந்தக் குத்தலிலிருந்து கடினத்தன்மையைக் கணக்கிட ஆலிவரும் ஃபாரும் 1992-இல் எழுதிய முறையை எல்லோரும் தவறாமல் மேற்கோள் காட்டுகிறார்கள். முனையின் பரப்பை அளந்து சரிபார்க்கச் சொன்ன பகுதியை மட்டும் ஒருவரும் படிப்பதில்லை போல.

கைடிடம் எண்ணைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, வாங்க வேண்டியதையும் வாங்கிக்கொண்டு, அடுத்த ஸ்லாட் கேட்டேன். அடுத்த மாதம் 19-ஆம் தேதி, மதியம் இரண்டு மணி. எல்லோரும் சாப்பிட்டுவிட்டுக் கதவை அறைந்துகொண்டு உள்ளே வரும் நேரம்.