உமரித் திடலைக் கன்று நட்டு மூடாதீர்கள்

ஜூலை 26, உலக அலையாத்தி நாள், கடலோரச் சேற்றில் வளரும் கண்டல் காடுகளுக்கான நாள். அன்றைக்கு முகநூலைத் திறந்தால் சேற்றில் கன்று நடும் படங்கள்தான். நடுகிறவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு, முத்துப்பேட்டைப் பக்கம் தன்னார்வலர்களோடு சேற்றில் இறங்குகிறவன்தான் நானும். ஆனால் நம் கரையில் ஜூலை என்பது வடகிழக்குப் பருவமழைக்கு முந்தைய காலம், மண்ணில் உப்பு ஏறிக் கிடக்கும். அப்போது உவர் பள்ளத்தில் கன்றை ஊன்றிவிட்டு வந்தால், பல இடங்களில் கொஞ்ச நாளில் குச்சிதான் மிஞ்சுகிறது.

அங்கே காடு ஏன் போனது என்று முதலில் தெரிய வேண்டும். வெள்ளைக்காரர் காலத்திலிருந்து முத்துப்பேட்டையிலும் பிச்சாவரத்திலும் காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து மொட்டையாக வெட்டினார்கள். வெயில் நேராக விழுந்த சேறு காய்ந்து அமுங்கி, தரை பள்ளமானது. ஓதம் ஏறும்போது, அதாவது கடல் மட்டம் உயரும்போது, உள்ளே வந்த கடல்நீர் வெளியேற வழியில்லாமல் தேங்கி, ஆவியாக ஆவியாக உப்பு மட்டும் தங்கியது. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி அறக்கட்டளையும் வனத்துறையும் ஊர் மக்களோடு சேர்ந்து இதற்கு வழி கண்டார்கள். ஓடையிலிருந்து ஒரு பெரிய வாய்க்கால், அதன் இரு பக்கமும் மீன்முள் மாதிரி சாய்வான கிளை வாய்க்கால்கள். தண்ணீர் ஏறி இறங்கத் தொடங்கியதும் உப்பு குறைந்தது, கரையில் நட்ட வெண்கண்டல் பிடித்துக்கொண்டது. மீன் வருவதற்காக முத்துப்பேட்டை மீனவர்கள் தாங்களே வெட்டிய வாய்க்கால்களின் கரையிலும் கண்டல் வளர்ந்து நிற்கிறது.

அந்த வாய்க்கால்கள் தூர்ந்துபோகும். தன்னார்வலர்கள் கை கொடுக்க வேண்டிய இடம் அதுதான். மண்வெட்டி போட்டால் கறுப்புச் சேறு அழுகிய முட்டை நாற்றத்தோடு வரும், முழங்கால் வரை புதையும், படத்துக்கு அழகாக இருக்காது. ஆனால் அடைப்பை எடுத்துவிட்டு ஓதம் ஏறும் வரை காத்திருந்து பாருங்கள். வெடித்த தரையில் தண்ணீர் விரல் விரலாக ஊர்ந்து வரும். பின்னாலேயே நண்டுகள் வளையை விட்டு வெளியே வரும்.

அப்புறம் உமரி, உவர் மண்ணில் படரும் சின்னச் செடி. எனக்கு அதிகம் வலிப்பது இதுதான். உமரி படர்ந்த திடலைத் ‘தரிசு’ என்று கணக்கெழுதி அங்கேயும் கண்டல் நடுகிறார்கள். தடித்த சின்ன இலை, கடித்தால் கரிக்கும், கோடையில் திடலே சிவந்து கிடக்கும். கீரையாகச் சமைத்துச் சாப்பிடுகிற செடி அது! கோடியக்கரைக்கு வலசை வரும் உள்ளான்களுக்கும் பூநாரைகளுக்கும் இரை தேடத் திறந்த சேறும் ஆழமற்ற நீரும் வேண்டும். மரம் அடைத்த இடத்தில் அவை இறங்காது. அங்கே ஏதாவது செய்யத்தான் வேண்டுமென்றால் ஓரத்தில் ஏறி வரும் சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்குங்கள், பிளாஸ்டிக்கைப் பொறுக்குங்கள்.

2018 நவம்பரில் கஜா புயல் முத்துப்பேட்டைக் காட்டைச் சிதைத்துப் போட்டபோதும் ‘எத்தனை கன்று நடலாம்’ என்ற கேள்வியோடுதான் நிறைய பேர் வந்தார்கள். எந்த வாய்க்கால் அடைத்திருக்கிறது என்று மீனவர்களிடம் கேட்டவர்கள் குறைவு. அவர்களுக்குத் தெரியும். சரி, கேட்டு அழைத்துப் போனால் அன்றைய கூலியையும் கொடுங்கள், கடலுக்குப் போகாமல்தானே நம்மோடு வருகிறார்கள்? பணம் தருகிற நிறுவனங்களும் கன்றுக் கணக்கைக் கேட்பதை விட்டு, மூன்று வருடம் கழித்து அந்த வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறதா என்று கேட்கட்டும். இந்த ஐப்பசி மழைக்கு முன்னால், வனத்துறை அனுமதியோடு தூர்வார ஆள் சேர்க்கிறவர்கள் இருந்தால் சொல்லுங்கள், நான் வருகிறேன்.