கிரியோலுக்கு எதற்குப் பிரெஞ்சு வேஷம்?

கரீபியன் நாடான ஹைத்தியில் மக்கள் பேசும், பிரெஞ்சிலிருந்து கிளைத்த மொழி கிரியோல். அதைப் பற்றிப் பேச்சு வந்தாலே, "அது கொச்சைப் பிரெஞ்சுதானே, எழுத்துகூடப் பிழையாக இருக்கிறதே, பிரெஞ்சு சாயலில் எழுதினால் என்ன" என்று சொல்ல ஒருவர் வந்துவிடுகிறார். என் கட்சி நேரெதிர். எழுத்து ஒழுங்கில் கிரியோல் பிரெஞ்சைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும்.

பிரெஞ்சில் பறவைக்கு 'வாஸோ' என்று பெயர். எழுதும்போது ஓ, ஐ, எஸ், ஈ, ஏ, யு என்று ஆறு எழுத்து. தனித்தனியே படித்தால் எந்த எழுத்திலிருந்தும் 'வாஸோ' வராது. பன்மையில் சொல்லும்போது முன்னால் ஓர் இசட் ஒலி ஒட்டிக்கொள்ளும். பிரெஞ்சுக்காரரின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக உழைத்த ஆப்பிரிக்கர்கள் புத்தகம் பார்த்தா பிரெஞ்சு கற்றார்கள்? காதில் விழுந்ததை அந்த இசட்டோடு சேர்த்தே எடுத்துக்கொண்டார்கள். பறவை 'ஸ்வாஸோ' ஆயிற்று. இன்றைய எழுத்து: இசட், டபிள்யூ, ஏ, இசட், ஓ. பார்த்ததும் படித்துவிடலாம்.

ஒலி மாற்றங்களும் கன்னாபின்னா என்று நடந்தவை அல்ல. உதட்டைக் குவித்துக்கொண்டே 'இ' சொல்லும் பிரெஞ்சு ஒலி கிரியோலில் வெறும் 'இ' ஆகிறது; சோற்றுக்குப் பிரெஞ்சில் 'துரி' மாதிரி சொல்வது 'திரி' ஆனது அப்படித்தான். குவிந்த உயிருக்கு முன்னால் ரகரம் வந்தால் வகரம்: சிவப்புக்கு 'ரூஜ்' போய் 'வூஜ்'. அசையின் கடைசியில் வரும் ரகரம் காணாமலே போய்விடும்: கதவுக்கு 'பொர்த்' போய் 'பொத்'.

1940களில் அயர்லாந்துப் பாதிரியார் மெக்கானலும் அமெரிக்கர் லௌபாக்கும் ஒலிப்படி எழுதும் முறையைக் கொண்டுவந்தபோது, படித்த ஹைத்தியர்களுக்கு வந்ததே கோபம்! கே, டபிள்யூ, ஒய் எல்லாம் ஆங்கிலேய எழுத்தாம், அமெரிக்கச் சூழ்ச்சியாம். 1915 முதல் 1934 வரை அமெரிக்கப் படை நாட்டையே பிடித்துவைத்திருந்தது, சந்தேகம் வந்ததில் தப்பில்லை. ஆனால் 'கிலோ' என்று பிரெஞ்சுக்காரர் எழுதுவதும் அதே கே போட்டுத்தானே? பிறகு பிரெசுவார் என்பவர் மூக்கொலி உயிர்களுக்கு இருந்த தொப்பிக் குறியை எடுத்துவிட்டு, பிரெஞ்சைப் போல 'என்' (N) என்ற எழுத்தைச் சேர்த்தார். இழுபறி நடந்து, 1979இல்தான் அரசு முறை என்று ஒன்று வந்தது. கே, டபிள்யூ, ஒய் மூன்றும் நிலைத்துவிட்டன.

இந்த முறையிலும் ஒரு குறை உண்டு. பிரெஞ்சும் தெரிந்த மேல்தட்டுக்காரர்கள் 'திரி'யை உதடு குவித்து 'துரி' மாதிரி சொல்வார்கள். அந்தப் பேச்சுக்குப் 'பட்டுக் கிரியோல்' என்றே பெயர். அந்த ஒலிக்கு அரசு எழுத்தில் இடமில்லை. எனக்கு அதில் பெரிய வருத்தம் கிடையாது. எல்லோர் வாயிலும் வருவதைத்தானே பொது எழுத்தாக வைக்க முடியும்?

பிரெஞ்சு சாயலில் எழுதினால் பிள்ளைகளுக்குப் பின்னால் பிரெஞ்சு சுலபமாக வரும் என்பது எதிர்க்கட்சியின் பெரிய வாதம். இது எனக்குப் பிடிபடவே இல்லை. வீட்டில் கிரியோல் மட்டுமே கேட்டு வளரும் பிள்ளைக்கு, எந்த இடத்தில் எந்த மௌன எழுத்தைப் போடுவது என்று எப்படித் தெரியும்? பிரெஞ்சு தெரிந்தால்தானே தெரியும்! 1987 அரசியல் சட்டம் ஹைத்தியர் எல்லோரையும் இணைக்கும் மொழி கிரியோல் என்கிறது. நாட்டில் பிரெஞ்சு சரளமாகப் பேசுபவர்களோ சிறுபான்மை. அந்தச் சிலருடைய வசதிக்காக மற்ற எல்லாரும் ஆறு எழுத்தில் பறவை எழுத வேண்டுமா? பிரெஞ்சு வேண்டுமென்றால் தனிப் பாடமாக நன்றாகவே சொல்லிக்கொடுக்கட்டும், யார் வேண்டாம் என்றது.