நைஸ் செட்டிங்கில் வரும் கீச் சத்தம்

‘காபி கிரைண்டரில் உலோகம் உரசுவது போல கீச் சத்தம் வந்தால் மோட்டார் பேரிங் போய்விட்டது, மோட்டாரை மாற்ற வேண்டும்’ என்று மேலே ஒரு பதிவு இருக்கிறது. பலரும் அதையே திரும்பச் சொல்லியிருக்கிறார்கள். பர் (ஒன்றுக்கொன்று எதிரே இருந்து கொட்டையை அரைக்கும் பல் வைத்த இரண்டு பாகங்கள்) வைத்த கிரைண்டர்களில் பெரும்பாலும் விஷயம் அவ்வளவு பெரிதில்லைங்க. செட்டிங்கை நைஸ் பக்கம் கொண்டுபோகப் போக மேல் பரும் கீழ் பரும் நெருங்கும். ஓர் அளவுக்கு மேல் ஒன்றையொன்று தொடும். அந்த உரசல்தான் கீச்.

வீட்டிலேயே பார்த்துவிடலாம். கொட்டையை எடுத்துவிட்டு, கொரகொர செட்டிங்கில் வைத்து காலியாக ஓட்டுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாக நைஸ் பக்கம் திருப்புங்கள். ஒரு புள்ளியில் கீச் தொடங்கி, கொரகொர பக்கம் திருப்பியதும் நின்றால் அது பர் தொடுவதுதான். உடனே பின்னால் எடுத்துவிடுங்கள். தொட்டபடி ஓடவிட்டால் பர் முனை மழுங்கும். (ஃபில்டர் காபிக்கு அவ்வளவு நைஸ் தேவையும் இல்லை, டிகாஷன் இறங்காது.)

சுத்தம் செய்த பிறகுதான் சத்தம் வருகிறதா? பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பரைக் கழற்றிப் பாருங்கள். அடியில் தூள் சிக்கியிருந்தால் பர் சாய்வாக உட்கார்ந்து, கொரகொர செட்டிங்கிலேயே உரசும். பிரஷால் தட்டிவிட்டு நேராகப் பொருத்துங்கள்.

இதற்கப்புறமும் எல்லா செட்டிங்கிலும் அதே சத்தம் மாறாமல் வந்தால், அப்போது பேரிங்கைச் சந்தேகப்படலாம்.